அறுபதில் நடுங்கிய எழுத்துகள்

போன வாரம் கொல்லிமலைச் செம்மேட்டில் நண்பரின் ஜெராக்ஸ் கடைக்குப் புது மானிட்டர் வந்தது. "நீங்க வந்து மாட்டுனாத்தான் ஆச்சு, பழைய ஆளுங்க நீங்க" என்று போன் செய்து வரவழைத்துவிட்டார். பழைய ஆள் என்றது வயதையா வேலையையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

பெரிய வித்துவானைப் போல முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன். பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை உருவி, ஒரே ஒரு வயரைச் செருகினேன். அவ்வளவுதான். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. தனக்கு எந்த அளவு, என்ன வேகம் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் தானே பேசி முடித்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று வந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நண்பர் டீ சொல்லியிருந்தார். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "என்னங்க, இதுக்கா உங்களக் கூப்பிட்டேன்?" என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு அதைவிட.

டீயைக் குடித்துக்கொண்டே அந்த மானிட்டரின் தலைமாட்டில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். புதுப் பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. பழைய கண்ணாடி மானிட்டர்களுக்கு வேறொரு வாசனை உண்டு, உங்களுக்கும் நினைவிருக்கும். முன்னால் முகம் சின்னதாக, பின்னால் இடுப்புப் பெருத்த பெட்டிகள் அவை. சுவிட்சைப் போட்டுக் கால் மணி நேரத்தில் மேலே இருக்கும் துளைகள் வழியாக வெந்த தூசியின் வாசனை வரத் தொடங்கும். எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துத் தூசி. ரைஸ் மில்லில் தவிட்டு வாசனை. ஜவ்வரிசி ஆலையில் புளித்த மாவு வாசனை. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால்கூட மானிட்டரை மோந்து பார்த்து இது எந்த ஆபீஸ் என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு காலம். கொல்லிமலையில் நான் பார்த்த ஒரு மானிட்டருக்கு மட்டும் மிளகு வாசனை. அதன் பின்பக்கம் குனிந்தாலே தும்மல் வரும். ஜெராக்ஸ் கடையில் எனக்குச் சும்மாவே ஒரு தும்மல் வந்தது என்றால் நம்புவீர்களா?

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சேந்தமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. படித்தது ஐடிஐயில் வயர்மேன். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. திரையில் வரும் கட்டங்களில் உள்ள இங்கிலீஷை அகராதி வைத்துப் படித்து, எதைத் தட்டினால் எது கெடும் என்று கெடுத்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "இவன் சரி பண்ணுனது பாதி, கெடுத்தது பாதி. ஆனா ரெண்டையும் மறக்க மாட்டான்." இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு இன்றுவரை யாரும் தரவில்லை.

அந்த நாளில் மானிட்டரை மாட்டினால் மட்டும் போதாது. கிராபிக்ஸ் டிரைவர் என்று ஒரு மென்பொருளை சிடியிலிருந்து ஏற்ற வேண்டும். அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சந்தைத் தரகரைச் சொல்லித்தான் விளக்குவேன். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது உடனே விளங்கிவிடும். உள்ளே படம் வரைகிற அட்டை ஒரு கட்சி, வெளியே காட்டுகிற மானிட்டர் இன்னொரு கட்சி. 'நான் இத்தனை புள்ளி அகலத்துக்கு, இத்தனை புள்ளி உயரத்துக்கு, நொடிக்கு இத்தனை தடவை வரைந்து தள்ளுவேன்' என்று அட்டை சொல்லும். 'என்னால் இவ்வளவுதான் தாங்க முடியும்' என்று மானிட்டர் சொல்லும். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டு, இருவருக்கும் ஒத்துவருகிறதை மட்டும் பட்டியல் போட்டு நம் முன்னால் நீட்டுகிற தரகர்தான் டிரைவர். 640க்கு 480, 800க்கு 600 என்று அந்தப் பட்டியல் போகும். எண் கூடினால் எழுத்து சின்னதாகும், ஆனால் திரையில் நிறைய இடம் கிடைக்கும். எண் குறைந்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் ஓரத்தில் இருப்பதெல்லாம் திரைக்கு வெளியே போய்விடும். இதற்குப் பக்கத்தில் அறுபது, எழுபத்தைந்து, எண்பத்தைந்து என்று இன்னொரு எண் இருக்கும். திரையை நொடிக்கு எத்தனை தடவை புதிதாக வரைவது என்பதற்கான எண் அது. அதை யாரும் கவனிப்பதில்லை. நானும்தான், அந்த நாள் வரைக்கும்.

செம்மேட்டில் சாமை, தினை, கேழ்வரகு விதைக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மலை மிளகையும் வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அதன் செயலாளர் ஒரு திங்கட்கிழமை கடைக்குப் போன் செய்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல கீழ இருந்த பட்டனு காணாமப் போச்சுங்க. அதத் தட்டுனாத்தான் அடிச்சது உள்ள போகும். நேத்து வரைக்கும் இருந்துது."

முதலாளி காதில் அது விழுந்தது. "மேல போயித் தேடிக் குடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். கொண்டை ஊசி வளைவு எழுபதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், இருபதுக்கு மேல் வயிறு எண்ண விடாது. என் மடியில் இருந்த டூல்ஸ் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "கெட்டியாப் புடிங்க சார், வளைவுல அது யாரு மடிக்குப் போவும்னு சொல்ல முடியாது" என்றார். அதற்கப்புறம் ஏதோ ஒரு வளைவில் அது முன்சீட்டு அம்மாவின் முருங்கைக்காய்க் கட்டின் மேல் போய் உட்கார்ந்தது. "எறங்கறப்ப வாங்கிக்க கண்ணு, இங்கயே இருக்கட்டும்" என்று அந்த அம்மா அதன் மேல் கை போட்டுக்கொண்டார். மலைக்குப் போகிற பஸ்ஸில் உடைமை என்பது கொஞ்சம் தளர்வான விஷயம்தான்.

சங்கத்தின் ஆபீஸ் இரண்டு அறை. உள் அறையில் மிளகு மூட்டைகள். வெளி அறையில் ஒரு மேசை, மேசை மேல் கம்ப்யூட்டர், அதன் முன்னால் வெள்ளையம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மலையில் ஒரு உள்கிராமத்துக்காரர். பத்தாவது முடித்துக் கீழே டைப்ரைட்டிங் படித்தவர். சங்கத்தில் உள்ளவர்களின் பெயர், ஊர், விதைக்கும் தானியம் இதையெல்லாம் நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மூன்று மாதத்துக்கு அவரை எடுத்திருந்தார்கள். முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம்.

அவருக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தது. மேசையில் நனைந்த கைக்குட்டை.

"மிளகுங்களா அக்கா?" என்றேன்.

"ஆமாங்க, மிளகுதானுங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டு, செயலாளர் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

செயலாளர் நல்ல மனிதர். கம்பிக்கரை வேட்டி, காதில் ஒரு பேனா. எதைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவருக்கு உறைக்குமே என்ற எண்ணம் மட்டும் கிடையாது. "இந்த அம்மிணி மொதல்ல நல்லாத்தான் அடிச்சுதுங்க. இப்ப கொஞ்ச நாளா வேகமே இல்ல. வெள்ளிக்கெழம பொதுக்குழு. லிஸ்ட்டுல பேரு வுட்டுப்போனவன் எல்லாம் வெதை கெடைக்காம எங்க ஊட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்குவான். இது முடிக்கலீன்னா கீழ இருந்து வேற ஒரு பொண்ண வரச் சொல்லலாம்னு இருக்குது" என்றார். வெள்ளையம்மாள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை இரண்டு தரம் புரட்டினார்.

காணாமல் போன பொத்தானைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. யாரோ திரையை 640க்கு 480 என்று மாற்றி வைத்திருந்தார்கள். எழுத்துகள் கொட்டை கொட்டையாக இருந்தன. அந்த மென்பொருளின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விட்டது, பொத்தானும் கூடவே போய்விட்டது. "யாருங்க மாத்துனது?" என்றேன். வெள்ளையம்மாள் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். செயலாளர் பொதுக்குழுவுக்கு ஆள் சொல்ல வாசலூர்பட்டிக்குக் கிளம்பினார். "மூணு மணி வண்டிக்கு வாரேன். அதுக்குள்ள பட்டனக் கொண்டாந்துருங்க."

அவர் போனதும் 800க்கு 600 என்று மாற்றினேன். பொத்தான் வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்கவில்லை.

"தம்பி, அதப் பழையபடியே வெச்சுருங்க" என்றார் வெள்ளையம்மாள்.

"பட்டன் தெரியாதேக்கா."

"எனக்குப் பட்டனு வேண்டாமுங்க. பாருங்க."

திரும்பப் பெரிய எழுத்துக்கு மாற்றச் சொன்னார். ஒரு பெயரை அடித்தார். பிறகு டேப் விசையை ஒன்று, இரண்டு என்று வாயால் எண்ணிக்கொண்டு ஏழு தடவை தட்டி, என்டரை ஒரு தடவை அழுத்தினார். கண்ணுக்குத் தெரியாத பொத்தான் அழுந்தி, பெயர் உள்ளே போய்விட்டது! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்திருக்கிறார். என் ஜாதிக்காரர், அதாவது கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற ஜாதி.

"ஏழு தாவு, ஒரு தட்டு. அவ்வளவுதானுங்க."

"எட்டுத் தாவுனா?"

"எட்டாவது அழிச்சுப்போடுமுங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "நேத்து தும்மல்ல ஒண்ணு கூடப் போயிருச்சு. ஒரு ஊரே போச்சு."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் சிரித்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது சிரிப்பால் வந்த தண்ணீர் இல்லை என்று தெரிந்தது. உட்காருங்கக்கா என்றேன். பிறகுதான் சொன்னார்.

"எழுத்து நெளியுதுங்க தம்பி. சின்னதா இருக்கறதுனாலதான் நெளியுதுன்னு பெருசு பண்ணிப் பாத்தேன். இப்பப் பெருசா நெளியுது. பத்துப் பேரு அடிச்சா கண்ணுல தண்ணி வந்துருது. எங்கம்மாளுக்கு இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. கண்ணுல தண்ணி வருதுன்னாங்க. அப்பறம் மங்குதுன்னாங்க. இப்ப வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியும். எனக்கும் அதுதான் வருது."

"செயலாளருகிட்டச் சொல்லலாமில்லீங்க?"

"சொன்னா, கண்ணு தெரியாதவளுக்கு இங்க என்ன வேலைன்னு கேக்க மாட்டாரு. நெனப்பாரு. அது அதவிட மோசமுங்க."

எனக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. மானிட்டரைப் பற்றியே பாதிதான் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கடைக்கண்ணில் அந்தத் திரை படபடவென்று நடுங்குவது தெரிந்தது. நேராகத் திரும்பிப் பார்த்தேன், நடுக்கம் குறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பினேன், மறுபடி நடுங்கியது. மேசையிலிருந்த பென்சிலை எடுத்துத் திரைக்கு முன்னால் வேகமாக ஆட்டினேன். ஒரு பென்சில் ஆறேழு பென்சிலாகத் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"இந்த நோட்டப் படிங்கக்கா."

கணக்குப்பிள்ளை யாரோ எறும்பு ஊர்ந்தது போல எழுதி வைத்த நோட்டு அது. வெள்ளையம்மாள் கடகடவென்று வாசித்தார்.

"இதுல நெளியுதுங்களா?"

"இல்லீங்களே." கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். பிறகு திரையை. பிறகு என்னை. "அப்ப…"

"அப்ப கண்ணு நடுங்கலீங்கக்கா. பொட்டிதான் நடுங்குது" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், சரி பண்ணிக் காட்ட வேண்டுமே என்ற பயம் வந்தது.

டிரைவரின் பட்டியலைத் திறந்தேன். நொடிக்கு அறுபது என்று ஒரே ஒரு எண்தான் இருந்தது. எழுபத்தைந்து, எண்பத்தைந்து எதுவும் இல்லை. அறுபதில் சிலருக்கு ஒன்றும் ஆகாது; சிலருக்குத் தலை வலிக்கும், கண் கலங்கும். இவருக்குக் கலங்குகிறது. பட்டியலுக்குக் கீழே, 'இந்த மானிட்டரால் காட்ட முடியாத முறைகளை மறைத்து வை' என்ற வாசகத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. கடை வேலையில் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. தொட்டேன். டிக்கை எடுத்ததும் பட்டியல் சரசரவென்று நீண்டது. எழுபத்தைந்து, எண்பத்தைந்து, நூறு, நூற்றிருபது!

இருபத்துமூன்று வயதில் நூற்றிருபதைப் பார்த்தால் எழுபத்தைந்தை யார் தொடுவார்கள்? தட்டினேன். திரை இருண்டது. உள்ளே ஈ மாட்டிக்கொண்டது போல 'ஙொய்' என்று ஒரு சத்தம்.

"பயப்படாதீங்கக்கா, பதினஞ்சு நொடியில தானாத் திரும்பி வந்துரும்" என்றேன். அது உண்மைதான். புது முறைக்கு மாறியதும், 'இதையே வைத்துக்கொள்ளட்டுமா?' என்று ஒரு கட்டம் வரும். பதினைந்து நொடிக்குள் யாரும் சரி என்று சொல்லாவிட்டால் பழைய முறைக்கே போய்விடும். பார்க்க முடியாதவன் பதில் சொல்ல முடியாது என்பதற்காகவே யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து வைத்த ஏற்பாடு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மானிட்டருக்குப் பின்னால் குனிந்தேன். மிளகுத் தூசி மூக்கில் ஏறியது. அடுக்காகத் தும்மினேன். அதற்கு நடுவே கம்ப்யூட்டர் 'டங்' என்று ஒரு மணி அடித்தது. அதற்கு நடுவே விசைப்பலகை தடதடத்தது.

இருபது எண்ணினேன். முப்பது எண்ணினேன். திரை வரவில்லை.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"கூப்புட்டுதுங்களே தம்பி."

"அதுக்கு?"

"கொரல் குடுத்தேன்."

மலையில் அது ஒரு வழக்கம். இந்தச் சரிவில் மிளகுக் கொடியில் இருப்பவர் ஒரு 'ஓய்' போட்டால், அந்தச் சரிவில் மரவள்ளிக்கு மண் அணைப்பவர் என்ன வேலையில் இருந்தாலும் திருப்பி ஒரு 'ஓய்' போட வேண்டும். ஆள் தெரிய வேண்டியதில்லை. விஷயம் இருக்க வேண்டியதில்லை. பதில் வரவில்லை என்றால், எங்கோ சறுக்கி விழுந்து கிடக்கிறார் என்று பொருள். போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவார்கள். வெள்ளையம்மாளுக்குத் திரை தெரியவில்லை, மணிச் சத்தம் கேட்டது. பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொத்தானுக்குத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொல்லிவிட்டார்: ஏழு தாவு, ஒரு தட்டு. அந்தக் கட்டத்தில் இருப்பவை 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டே பொத்தான்கள். நிற்பது 'வேண்டாம்' மேல். அங்கிருந்து ஏழு தாவினால் நேராகச் 'சரி'யில் போய் நிற்கும். எட்டுத் தாவியிருந்தால் தப்பித்திருப்போம். அந்த நேரம் பார்த்துத் தும்மல் எனக்கல்லவா வந்துவிட்டது.

மானிட்டரின் உள்ளே இப்போது டிக் டிக் என்று ஏதோ அடித்துக்கொண்டது. மிளகு வாசனையோடு சூடான மெழுகு போல இன்னொரு வாசனையும் வந்தது. தாங்க முடியாத வேகத்தில் ஓட்டினால் இந்தப் பெட்டிகள் கருகிப்போவதும் உண்டு. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அந்தச் சங்கத்துக்கு இருந்தது அந்த ஒரு மானிட்டர். அது போனால், கீழே எழுதிக் கேட்டு, கமிட்டி பேசி, புதிதாக ஒன்று பஸ் ஏறி வருவதற்குள் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போய்விடும். பெயர் ஏறாதவர்கள் செயலாளர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பார்.

"தம்பி, செத்துப்போச்சுங்களா?"

"இல்லீங்கக்கா" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

சூடு ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் திரும்பப் போட்டேன். ஏறும்போதே எஃப் எட்டு என்ற விசையை அழுத்திக்கொண்டிருந்தால், டிரைவரைக் கேட்காமல் இருப்பதிலேயே எளிய முறையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். விரலை எடுக்காமல் நின்றேன். வெள்ளையம்மாள் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பு. கறுப்பு. பிறகு மூலையில் ஒரு கோடு மினுங்கியது. பூதாகரமான எழுத்துகளோடு திரை வந்தது.

"உசுரு இருக்குது!" என்றார் வெள்ளையம்மாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நூற்றிருபதை எடுத்துவிட்டு, டிக்கைத் திரும்பப் போட்டு, பழையபடி அறுபதுக்கே கொண்டுவந்தேன். கிளம்பிய இடத்துக்கே வந்தாயிற்று. இனி எதையும் தொடுகிற தைரியம் எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது.

"ஏனுங்க தம்பி, அறுபதுக்கு மேல முடியாதுன்னு யாரு சொன்னது?"

"மானிட்டர்தானுங்க சொல்லும்."

"அதுவே சொல்லுச்சுங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். மானிட்டரின் பெயர் வர வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தேன். பெயர் இல்லை. பெயர் தெரியாத மானிட்டருக்குப் போடுகிற பொதுப்பெயர்தான் இருந்தது. அப்படியென்றால் அது எதுவுமே சொல்லவில்லை. தரகர் கேட்டிருக்கிறார், இந்தக் கட்சியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இருப்பதிலேயே சாதுவான எண்ணை எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மானிட்டர் வயரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன் முனையில் மூன்று வரிசையாக ஊசி போலக் கம்பிகள் இருக்கும். படத்துக்குச் சில, பேச்சுக்குச் சில. கடைசி வரிசையில் ஒன்று மடங்கிப் படுத்துக் கிடந்தது. மானிட்டர் தன் பெயரைச் சொல்கிற கம்பி அது. படம் போகிற கம்பிகளுக்கு ஒன்றும் ஆகாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யாரோ கோணலாக வைத்து அழுத்தியிருக்கிறார்கள். யார் என்று யோசித்தேன். அந்தக் கம்ப்யூட்டரை மலைக்கு அனுப்பும் முன் கடையில் மாட்டிச் சோதித்துக் கழற்றியது எங்கள் ஆள்தான். எங்கள் கடையில் ஆள் என்றால் நான் ஒருவன்தான்.

"அக்கா" என்றேன். "இது நான் பண்ணுன தப்புங்க."

விவரத்தைச் சொன்னேன். "அப்ப ரெண்டு மாசமா என்னைய அழுக வெச்சது நீங்கதானுங்களா?" என்றார். "எங்க ஊட்டுக்காரரு கலியாணம் பண்ணி இத்தன வருசத்துல அவ்வளவு நாளு அழுக வெச்சதில்லீங்க தம்பி." திட்டாமல் திட்டுவது என்றால் இதுதான். பிறகு வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். "நிமுத்துங்க."

அந்தக் கம்பிகள் ஒரு தடவை வளைந்தால் நிமிரும், இரண்டாவது தடவை முறிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊக்கு நுனியை அடியில் கொடுத்து, தலைமுடியில் சிக்கெடுப்பது போல மெல்ல மெல்லத் தூக்கினேன். நிமிர்ந்தது. மாட்டினேன். போட்டேன். மானிட்டரின் பெயர் தானாக வந்தது. டிக்கைத் தொடாமலே பட்டியலில் மூன்று எண்கள் இருந்தன. இந்தத் தடவை பேராசைப்படாமல், மானிட்டரே தன் வாயால் ஒத்துக்கொண்ட எண்பத்தைந்தை எடுத்தேன். அளவு 800க்கு 600. எழுத்தை மட்டும் தனியாகக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பொத்தானும் கீழே பத்திரமாக இருந்தது.

வெள்ளையம்மாள் உட்கார்ந்தார். ஒரு தரம் முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தார். பென்சிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு திரையில் இருந்த பெயர்களை வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊருக்குப் போனார். கைக்குட்டை மேசையிலேயே கிடந்தது.

"நிக்குதுங்க தம்பி" என்றார்.

மூன்று மணிக்குச் செயலாளர் வந்து, "பட்டனு கெடச்சுதுங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எழுத்து நெளிந்தது, அம்மாவின் கண், ஏழு தாவு, மிளகு என்று சொன்ன பொய், நூற்றிருபது, ஊக்கு, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு எழுந்து நின்றார். வேலை போனாலும் போகட்டும் என்கிற நிற்பு.

செயலாளர் நேராகத் திரையிடம் போனார். குனிந்து பார்த்தார். காதிலிருந்த பேனாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அவர் முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

"அம்மிணி, மொதல்ல இத அடிக்கறேன்னு ஒத்துக்கிட்டது நானுதான். ரெண்டே நாளு. தலை கிர்ருனு சுத்திப்போடுச்சு. வயசாயிருச்சுன்னு சொல்லிருவாங்கன்னுதான், நமக்கு நேரமில்ல ஒரு ஆளு போடுங்கன்னு கமிட்டியில சொல்லி உன்னைய எடுத்தேன்."

வெள்ளையம்மாள் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அந்தக் கம்பி வளைஞ்சதுனாலதான் எனக்கு இந்த வேலையே கெடச்சுதுங்களா?" என்றார் வெள்ளையம்மாள்.

"அப்படித்தான் வெச்சுக்கயேன்."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். திட்டுவதா கும்பிடுவதா என்று முடிவு செய்யாத பார்வை. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியமே பட்டியல் முடிந்துவிட்டது என்று செயலாளர் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை பொதுக்குழுவில் வெள்ளையம்மாள்தான் எல்லாப் பெயரையும் வாசித்தாராம். அழிந்துபோன அந்த ஒரு ஊரையும் சேர்த்து. வேலை நிரந்தரமானது. அந்த மானிட்டர் அதற்கப்புறம் ஆறு வருஷம் உழைத்து எடைக்குப் போனது. இப்போது திரைகள் நடுங்குவதே இல்லை. அறுபதா எண்பத்தைந்தா என்று கேட்டால் என் மகள் என்னை வேடிக்கையாகப் பார்க்கிறாள். ஒரு எண்ணுக்காகப் பெண்கள் கண்ணீர் விட்ட காலம் இருந்தது என்பதை நான் எப்படி அவளுக்குச் சொல்வேன்?

ஆனால் உண்மையில் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்து நடந்தது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையம்மாள் என்னைத் தன் ஊருக்கு வரச் சொல்லியிருந்தார். போனேன். வீட்டு வாசல் தூணிலிருந்து முற்றத்துப் பலாமரம் வரைக்கும், அங்கிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. வருஷக்கணக்கில் ஒரு உள்ளங்கை பிடித்துப் பிடித்துக் கறுத்து, எண்ணெய் தடவியது போல மின்னிய கயிறு. அவருடைய அம்மா பிடித்து நடப்பதற்காகக் கட்டியது.

அந்த அம்மா கயிற்றைத் தொடாமல் அதற்கு ஒரு முழம் தள்ளி, வேண்டுமென்றே, என்னை நோக்கி நேராக நடந்து வந்தார். என் முகத்தை அண்ணாந்து பார்க்கத் தயாராக வந்தவர், அதற்கு அவசியம் இல்லை என்று கண்டுகொண்டார்.

"எம்மவ சொன்னத வெச்சு ஒசரமா இருப்பேன்னு நெனச்சேன் சாமி."

பொதுக்குழு முடிந்த மறுவாரமே வெள்ளையம்மாள் அம்மாவை நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதுவரை ஏன் போகவில்லை என்று கேட்டேன். "எங்க குடும்பத்துக்கே வார வியாதின்னு நெனச்சுட்டமுங்க தம்பி. டாக்டரு அதையே சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். எனக்குக் கண்ணுன்னு நெனச்சது கண்ணு இல்லைன்னு ஆச்சே. அப்பறம் அம்மாளுதும் நாங்க நெனச்சதா இல்லாம இருக்கலாமில்லீங்க?" என்றார். அவர்கள் பயந்ததாக இருக்கவில்லை. வெறும் கண்புரைதான். எடுத்துவிட்டார்கள்.

கண் தெரிந்தபடியே பல வருஷம் நடமாடிவிட்டு, நல்ல வயதில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். கயிற்றில் கொஞ்ச நாள் துணி காயப் போட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் டீ குடித்த அன்று, வந்தது வந்தோம் என்று அந்த ஊருக்கும் ஒரு நடை போனேன். பலாமரத்தில் இடுப்பு உயரத்தில் கயிறு அறுத்த தழும்பு இருக்கும், எனக்குத் தெரியும். தடவித் தடவித் தேட வேண்டியிருந்தது. மரம் பெருத்துவிட்டது. பட்டை இரண்டு பக்கமும் வளர்ந்து வந்து, அதை ஏறக்குறைய மூடிவிட்டது.